மைனஸ் அறுபது லிட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த அறையின் குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. வலது பக்கம் போர் தண்ணீர்க் குழாய். இடது பக்கம் கடையில் வாங்கிய இருபது லிட்டர் கேன். தலையில் வைத்த நல்லெண்ணெய் காதோரமாக வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது.

என் அறைத்தோழி வசந்தி பேனா மாதிரி ஒரு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஊற்ற ஊற்ற அதை வாளிக்குள் முக்கிப் பார்க்கிறாள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். ஐந்நூறு வர வேண்டும். கணக்குப் போட்டு, மக்கு மக்காக அளந்துதான் ஊற்றியிருந்தேன்.

“அறுநூத்தி அம்பது” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மக்கை வீசினேன். அது வீட்டுக்கார அக்கா முற்றத்தில் காயப்போட்டிருந்த வடகத்தில் போய் விழுந்தது. தலைக்குக் குளிக்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

கழுதை தேய்ந்த கதை

ஒரகடம் தொழிற்பேட்டை வாழ்க்கையைப் பற்றி வாராவாரம் எழுதிவருகிறேன். போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெண், “முடி கொட்டினதை எழுதாம என்னக்கா ஒரகடம் கதை?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தெற்கேயிருந்து இங்கே வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். வேலை கஷ்டம், சாப்பாடு சரியில்லை என்பதையெல்லாம் அப்புறம்தான் சொல்வாள். முதலில் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் காட்டுவாள். சங்கரன்கோவிலில் பஸ் ஏறும்போது என் பின்னல் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. இரண்டு வருஷத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. சீப்பில் வந்த முடியை உருட்டி உருட்டி ஜன்னலில் வைப்பேன். அந்த உருண்டையைப் பார்த்தாலே வயிறு எரியும்.

காரணம் போர் தண்ணீர்தான் என்பது எங்கள் எல்லாருடைய தீர்ப்பு. வீட்டுக்கார அக்கா, காஞ்சனா அக்கா, அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு கிடைத்ததை வைத்து வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் தண்ணீரைக் குறை சொல்வதும் அவரையே குறை சொல்வதும் ஒன்று.

“என் தண்ணில இன்னாம்மா கீது? நானும் இதுலதான குளிச்சிகினு கீறேன், என் முடி கொட்டிச்சா?” என்பார். இதில் வம்பு என்னவென்றால், அவருக்கு முடி நிஜமாகவே முழங்கால் வரை இருந்தது. அதற்கு மேல் நாங்கள் என்ன வாதாட?

அதனால்தான் வசந்தி ஆன்லைனில் அந்த மீட்டரை வாங்கினாள். போர் தண்ணீர் ஆயிரத்து ஐந்நூறு காட்டியது. கேன் தண்ணீர் நூறு. அக்கா மீட்டரைப் பிடுங்கி இரண்டு தட்டு தட்டி மறுபடி முக்கினார். மறுபடியும் ஆயிரத்து ஐந்நூறு. மீட்டர் ரிப்பேர் என்று அறிவித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே ஆயிரத்து எண்ணூறு. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று முதல் அந்த மீட்டர் சொல்வது வேதவாக்கு.

கேன் கடைக்காரர், ஐந்நூறுக்குள் இருந்தால் ஷாம்பு நன்றாக நுரைக்கும், முடிக்கும் நல்லது என்று சொல்லியிருந்தார். அவர் என்ன டாக்டரா என்று கேட்காதீர்கள். முடி போகிறவளுக்கு யார் சொன்னாலும் டாக்டர்தான். முழு வாளியும் கேன் தண்ணீர் என்றால் கட்டுப்படியாகாது. ஆகவே கலக்க வேண்டும்.

எக்ஸ் என்கிற வேண்டாத விருந்தாளி

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

வல்லம் வடகாலில் காருக்கு பம்பர் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பம்பரைத் தூசி இல்லாமல் துணியால் துடைக்க வேண்டும். அடித்தபின் வழிந்து போயிருந்தால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒப்பந்த வேலை. தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

அங்கே பெயிண்டையும் அதை இளக்கும் தின்னரையும் கலக்குவதற்குத் தனி அறை உண்டு. எல்லாரும் அதை ‘பெயிண்ட் கிச்சன்’ என்பார்கள். அந்த அறைக்கு இரண்டு பேரை நிரந்தர வேலையில் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்களைப் போல உற்பத்தி லைனில் இருப்பவர்களும் எழுதலாம். ஒரு பரீட்சை, அதில் தேறினால் ஒரு நேர்காணல்.

சங்கரன்கோவிலில் அம்மா தறிக்குப் போகிறவள். தினமும் மத்தியானம் தறிச் சத்தத்துக்கு நடுவே போன் பண்ணுவாள். ராஜபாளையத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் தை வரை காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வேலையே இல்லாமல் மகள் எதற்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வாடகை கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டும்?

எனக்குப் போக மனமில்லை. மாப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம். எனக்கு இந்த ஊரும், காலையில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதும், என் சம்பளத்தில் நான் வாங்கிய செருப்பும் பிடித்திருந்தன. போய்விட்டால் போனதுதான். ஆக, அந்தப் பரீட்சைதான் எனக்கு இருந்த ஒரே கதவு.

அந்தக் கதவுக்குக் குறுக்கே கணக்கு படுத்துக்கிடந்தது. அதிலும் கலவைக் கணக்கு. ‘இருபது சதவீதக் கரைசலையும் ஐம்பது சதவீதக் கரைசலையும் கலந்து...’ என்று ஆரம்பித்தாலே எனக்குக் கண்ணைக் கட்டும். பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் தாண்டி வந்தேன் என்றால், அது எழுத்துக் கணக்கை விட்டுவிட்டு வரைபடத்தைப் போட்டு வாங்கிய மார்க்கில்தான்.

வசந்தி பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். அருப்புக்கோட்டைக்காரி. வேறொரு கம்பெனியில் செல்போனுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தாள். அவளே எனக்குச் சொல்லித்தர முன்வந்தாள். சொல்லித்தருவதில் அவளுக்குப் பொறுமை கிடையாது, கேட்பதில் எனக்குக் கிடையாது. ஜாடிக்கேற்ற மூடி.

“முதல் கரைசலை எக்ஸ்னு வச்சுக்க” என்பாள்.

எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? எவ்வளவு என்று தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் தெரிந்துவிடுமா? இதைக் கேட்டால் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எக்ஸோடு கூட ஒய் வேறு வரும். அழையாத வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி துணைக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி எனக்குத் தோன்றும். இப்படியே இரண்டு வாரம் சண்டையில் போனது.

வாளி ஒன்று, உப்பு ஒன்று

இப்போது மறுபடி குளியலறை வாசலுக்கு வாருங்கள். மக்கு வடகத்தில் கிடக்கிறது. காஞ்சனா அக்கா மாடியிலிருந்து என் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் போட்டிருந்த கணக்கு இதுதான். வாளி பதினாலு மக்கு பிடிக்கும். போர் தண்ணீர் ஏழு, கேன் தண்ணீர் ஏழு ஊற்றினேன். மீட்டர் எண்ணூறு காட்டியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் நூறுக்கும் நடுவில் எண்ணூறு, சரி. ஐந்நூறு ஆக்க இன்னும் முந்நூறு குறைய வேண்டும். கேன் தண்ணீர் ஒரு மக்குக்கு நூறு என்பதால் மூன்று மக்கு போதும் என்று நினைத்தேன். வாளியிலிருந்து மூன்று மக்கை எடுத்துக் கொட்டிவிட்டு, மூன்று மக்கு கேன் தண்ணீர் ஊற்றினேன். வந்தது அறுநூற்றைம்பது.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கேன் தண்ணீர் என்ன, ஒரு மக்குக்கு நூறு உப்பைத் தின்றுவிட்டுப் போகுமா? ஆனால் அன்றைக்கு அது எனக்கு வெகு நியாயமாகப் பட்டது.

வசந்தி அன்று எக்ஸ் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எண்ணெய்த் தலையோடு நான் இருந்த கோலத்தைப் பார்த்துப் பயந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, “நீ கொட்டுன மூணு மக்குல உப்பு போச்சா போகலையா?” என்று மட்டும் கேட்டாள்.

போயிற்று.

“நீ ஊத்துன மூணு மக்குல உப்பு வந்துச்சா வரலையா?”

வந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் வந்தது.

நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் மக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அல்லது மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மக்குகளைக் கூட்டினால் வாளி நிறைய வேண்டும். அது ஒரு கணக்கு. ஒவ்வொரு மக்கும் கொண்டுவருகிற உப்பைக் கூட்டினால் வாளிக்கு வேண்டிய உப்பு வர வேண்டும். அது இன்னொரு கணக்கு. தெரியாதது இரண்டு, அதைக் கண்டுபிடிக்கக் கணக்கும் இரண்டு. இரண்டு சமன்பாடு என்று இத்தனை நாளாக அவள் கத்திக்கொண்டிருந்தது இதைத்தானா?

ஈரச் சிமெண்ட் தரையில் விரலால் எழுதினேன். போர் மக்கும் கேன் மக்கும் சேர்ந்து பதினாலு. போர் மக்கு ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து ஐந்நூறு, கேன் மக்கு ஒவ்வொன்றுக்கும் நூறு, மொத்தம் பதினாலு ஐந்நூறு, அதாவது ஏழாயிரம். பதினாலு மக்கும் கேன் தண்ணீராகவே இருந்தால் உப்பு ஆயிரத்து நானூறுதான் வரும். ஏழாயிரத்துக்கு இன்னும் ஐயாயிரத்து அறுநூறு பாக்கி. ஒரு கேன் மக்கை எடுத்துவிட்டுப் போர் மக்கு ஊற்றினால் ஆயிரத்து நானூறு கூடும். அப்படியானால் நாலு.

போர் நாலு, கேன் பத்து.

வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஊற்றினேன். வசந்தி மீட்டரை முக்கினாள். ஐந்நூறும் ஐந்நூற்றுப் பத்தும் மாறி மாறிக் காட்டிவிட்டு ஐந்நூறில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் காஞ்சனா அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் தனக்கும் ஒரு வாளி கலந்து தர வேண்டும், இல்லாவிட்டால் வடகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

முடி கொட்டுவது நின்றதா என்று கேட்காதீர்கள். கணக்குதான் மனசில் நின்றது. எக்ஸையும் ஒய்யையும் பார்த்தால் அன்றிலிருந்து எனக்குப் போர் மக்கும் கேன் மக்கும்தான்.

சிவப்பு எழுத்து

பரீட்சை கேன்டீனில் நடந்தது. சாம்பார் வாசனைக்கு நடுவில் நாற்பது பேர் உட்கார்ந்து எழுதினோம். கடைசிக் கேள்விதான் பெரியது. ஒரு டிரம்மில் இருபது சதவீதம் தின்னர் உள்ள கலவை, இன்னொன்றில் முப்பத்தைந்து சதவீதம். இரண்டையும் கலந்து ஐம்பது சதவீதத்தில் அறுபது லிட்டர் வேண்டும். எதில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

எனக்குக் கை பரபரத்தது. லிட்டருக்கு ஒரு வரி, தின்னருக்கு ஒரு வரி. கழித்தேன். இரண்டாவது டிரம்மிலிருந்து நூற்றிருபது லிட்டர். சரி, முதல் டிரம்? மைனஸ் அறுபது.

மைனஸ் என்பது எங்கள் லைனில் கெட்ட வார்த்தை. இதைச் சொன்னால்தான் புரியும். எங்கள் தலைக்கு மேல் ஒரு போர்டு தொங்கும். இன்று முடிக்க வேண்டியது எவ்வளவு, முடித்தது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. வித்தியாசம் மைனஸ் என்றால் சிவப்பில் எரியும். சிவப்பு எரிந்தால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும், அப்புறம் ஓ.டி. என்று கூடுதல் நேரம் நிற்க வேண்டும். அதனால் ஷிப்ட் முடியும்போது கையால் எழுதும் தாளில் மைனஸ் வந்தால், எங்கள் லைன் லீடர் அந்தச் சின்னக் கோட்டை மட்டும் அழித்துவிடச் சொல்வார். அடுத்த ஷிப்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் சித்தாந்தம். எங்களுக்கும் கை அப்படியே பழகிவிட்டது.

என் கை அழிக்கத்தான் போனது. பக்கத்தில் இருந்தவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், பார்க்காமலே தெரிந்தது. அறுபது, நூற்றிருபது என்று எழுதிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டையும் கூட்டினால் நூற்றெண்பது. வாளி அறுபதுதானே பிடிக்கும்?

மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதே மைனஸ். அப்புறம் கேள்வியையே திரும்பப் படித்தேன். இருபதும் முப்பத்தைந்தும். வேண்டியது ஐம்பது. அட, போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் எத்தனை விதமாகக் கலந்தாலும் கேன் தண்ணீரைவிடச் சுத்தமாக ஒரு தண்ணீர் வருமா? எப்படிக் கலந்தாலும் இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கும். ‘இந்த இரண்டு டிரம்களை வைத்து இந்தக் கலவை வராது. மைனஸ் வருவதால் தெரிகிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்தால் எல்லார் வாயிலும் அறுபது, நூற்றிருபது. நான் எழுதியதைச் சொன்னதும் ஒருத்தி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரித்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது, அதுகூட வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தை மாதம் என் முன்னால் வந்து நின்றது. வசந்தி என் கணக்கைப் பார்த்துவிட்டு, விடை சரி, ஆனால் மார்க் போடுகிறவர் யார் என்பது தனக்குத் தெரியாது என்றாள். ஆறுதல் சொல்வதிலும் அவளுக்குப் பொய் வராது.

நிற்கிற லைன்

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கலவை அறைப் பொறுப்பாளர் தனசேகர் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க்காரர். என் விடைத்தாள் அவர் கையில் இருந்தது.

கேள்வியில் தப்பு இருந்ததாகச் சொன்னார். முப்பது சதவீதம் என்று இருக்க வேண்டியதை ஐம்பது என்று அடித்துவிட்டார்களாம். அதனால் அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு எல்லாருக்கும் மார்க் போட்டுவிட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைனஸை அழித்தவளுக்கும் அதே மார்க், அழிக்காமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த எனக்கும் அதே மார்க்கா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

அவர் தாளைக் கீழே வைத்தார்.

“மார்க்கை உடு. இந்த ரெண்டு டிரம்முதான் கீது. அம்பதுதான் வேணும். வெளிய லைன் நிக்குது, சூப்பர்வைசர் கத்திகினு கீறான். இன்னா பண்ணுவ?”

“இதை வச்சு வராது சார். அம்பதுக்கு மேல உள்ள மூணாவது டிரம் வேணும். அது வார வரைக்கும் லைன் நிக்கட்டும்.”

“லைனை நிறுத்துனா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்லுதேன் சார். ஆகாத கலவையை அனுப்புனா பெயிண்ட் சரியா உக்காராது. அவ்வளவு பம்பரையும் திரும்பத் தேய்க்கது எங்க லைன்தான். தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை போன கை சார் இது.”

சொன்ன பிறகுதான் என்ன பேசிவிட்டோம் என்று உறைத்தது. லைனை நிறுத்துவேன் என்று கம்பெனிக்குள் உட்கார்ந்துகொண்டு யாராவது சொல்வார்களா? அவர், சுத்தமான தின்னர் ஒரு டிரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இருபது சதவீதக் கலவையோடு அதைச் சேர்த்து அதே ஐம்பது சதவீதத்தில் அறுபது லிட்டர் பண்ணச் சொன்னார். உள்ளங்கையில் பேனாவால் போட்டேன். தின்னர் இருபத்திரண்டரை லிட்டர், மற்றது முப்பத்தேழரை. இரண்டையும் கூட்டிச் சரிபார்த்துவிட்டுச் சொன்னேன்.

“சரி, போம்மா” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, நான் பம்பர் துடைத்துக்கொண்டிருக்கும்போது பரீட்சை நடத்திய டிரெய்னிங் மேடம் லைனுக்கே வந்தார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் சிரித்தது. திங்கள்கிழமையிலிருந்து கலவை அறைக்கு வர வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. போர்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது, யார் அதைப் பார்த்தார்கள்?

மத்தியானம் அம்மாவின் போன் வந்தது. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. “கொஞ்சம் இருட்டி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சத்தம் குறைந்தது. மூன்றாவது தடவை, வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, தை மாதம் நான் வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

“அப்ப நாளைக்குக் காலையில நானே ராஜபாளையம் போயிச் சொல்லிட்டு வந்துருதேன்” என்றாள். “போன்ல சொன்னா மரியாதையா இருக்காது.”

அவுக கோபப்படுவாகளே என்றேன்.

“படட்டும். எம் மகளுக்கு அங்க வேலை இருக்கு, இப்ப வரமாட்டான்னு நான்தானட்டி சொல்லணும்?”